துவர்ப்பு கனியும் காலம்: ஒரு பொயாக் ஒயினை வைத்திருப்பதும் குடிப்பதும்

பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் பொயாக் என்ற ஊரில் விளைந்த, பத்து வயதுகூட ஆகாத நல்ல சிவப்பு ஒயினை முதல்முறை வாயில் வைப்பவர்கள் பெரும்பாலும் முகம் சுளிப்பார்கள். இவ்வளவு காசு கொடுத்து வாங்கியது ஏன் வாயை இப்படிப் பிடிக்கிறது என்ற கேள்வி நியாயமானதுதான். அந்தப் பிடிப்புக்குப் பெயர் டானின். அது என்னவென்று விளக்க மேல்நாட்டு ஒயின் வகுப்புகளில் ஆறிப்போன கறுப்புத் தேநீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். நமக்கு அந்தப் பாடம் தேவையில்லை. அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பை எண்ணிப் பழகிய நாக்கு நம்முடையது. வாழைப்பூ ஆயும்போது விரலைக் கறுப்பாக்கும் சாறு, நாவல்பழம் தின்றபின் தடித்துப்போகும் நாக்கு, மாதுளையின் உள்தோல், கடுக்காய், கொட்டைப்பாக்கு எல்லாம் ஒரே குடும்பம். இந்த ஒயினைப் புரிந்துகொள்ள அந்தத் துவர்ப்பைப் பின்தொடர்ந்து போனாலே போதும் என்பது என் கட்சி.

டானின் திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கிறது. ஓக் மரப் பீப்பாயிலிருந்தும் கொஞ்சம் இறங்கும். வாய்க்குள் போனதும் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துத் திரளவைக்கும். எச்சிலின் வழவழப்பு போனதும் கன்னமும் ஈறும் உரசும்; அந்த உரசலைத்தான் துவர்ப்பு என்கிறோம். வாழைக்காயைக் கடித்தால் துவர்க்கிறது, பழுத்தபின் துவர்ப்பதில்லை. உள்ளே இருக்கும் துவர்ப்புப் பொருள் எங்கும் ஓடிவிடவில்லை. எச்சிலில் கரையாத நிலைக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். பாட்டிலுக்குள் பல ஆண்டுகளாக நடக்கும் வேலையும் இதற்குத் தூரத்து உறவு. டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்றும், ஒயினின் நிறப்பொருளோடும் கோத்துக்கொள்கின்றன, அறுகின்றன, மறுபடி கோத்துக்கொள்கின்றன. அளவில் பெருத்தவை அடியில் வண்டலாகப் படிகின்றன. நிறத்தில் ஒரு பங்கும் அவற்றோடு இறங்கிவிடுவதால் பழைய ஒயின் வெளுத்துத் தெரிகிறது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. காலத்தால் துவர்ப்பு தணியும், புளிப்பு தணியாது. அமிலம் ஏறத்தாழ வைத்தபடியே இருக்கும். பழத்தின் வாசமும் சதையும் தேய்ந்துகொண்டே போகும். ஆகவே இது ஒரு போட்டி. பழம் தீர்ந்துபோவதற்குள் துவர்ப்பு கனிய வேண்டும். கனிந்தால் விருந்து. பழம் முந்திக்கொண்டு போய்விட்டால், எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் கிடைப்பது மெலிந்த, புளித்த, காய்ந்த திரவம். 1975-இல் போர்தோவில் விளைந்த ஒயின்கள் பலவற்றுக்கு இதுதான் கதி. துவர்ப்பு முரட்டுத்தனமாக இருந்தது, பொறுத்திருங்கள் என்றார்கள், பொறுத்திருந்தார்கள், பழம்தான் முதலில் கிளம்பியது. 'வைக்க வைக்க நல்லது' என்ற பேச்சு ஒயின் விஷயத்தில் பெரும்பாலும் பொய். உலகில் விற்கும் ஒயினில் மிகப் பெரும்பகுதி வாங்கிய ஓரிரு ஆண்டில் குடிக்கவே செய்யப்பட்டது.

பொயாக் அந்த விதிக்கு விலக்கான சில ஊர்களில் ஒன்று. பிரான்சின் தென்மேற்கில், போர்தோ நகரத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் வடக்கே, ஜிரோந்த் கழிமுகத்தின் இடக்கரையில் இருக்கிறது. மண் என்று சொன்னாலும் மேலே கிடப்பது கூழாங்கல்தான், கை நிறைய அள்ளலாம். ஆறுகள் பல யுகங்களாகக் கொண்டுவந்து கொட்டிய சரளை அது. மழைநீர் நிற்காமல் வடிந்துவிடும். பகல் வெயிலைக் கல் வாங்கி வைத்துக்கொள்ளும். தாமதமாகப் பழுக்கும் காபர்னே சோவின்யோன் திராட்சைக்கு இது இரண்டும் வேண்டும். சின்னப் பழம், தடித்த தோல், சதையோடு ஒப்பிட்டால் அதிக விதை. டானினுக்குக் குறைவே இல்லாத திராட்சை அது. எலும்பு காபர்னே என்றால், அதன்மேல் சதை வைக்க மெர்லோ என்ற திராட்சையைக் கலப்பார்கள். கழிமுகத்துக்கு அந்தப் பக்கம், களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் உள்ள பொமரோல், சான்-எமிலியோன் ஊர்களில் கணக்கு தலைகீழ்: மெர்லோதான் பிரதானம், அதனால் அங்கத்திய ஒயின் பொதுவாகச் சீக்கிரம் இளகும்.

1855-இல் பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்டுக்கொண்டபடி, போர்தோவின் தரகர்கள், பெரும்பாலும் பொயாக்கும் அடங்கிய மெதோக் வட்டாரத்துத் தோட்டங்களைச் சந்தை விலையை வைத்து ஐந்து படிகளாக அடுக்கினார்கள். அந்தப் பட்டியல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் மொத்தம் 61 தோட்டங்கள். பொயாக்கில் மட்டும் 18. முதல் படியில் இருக்கும் ஐந்தில் லஃபீத், லத்தூர், மூத்தோன் மூன்றும் இந்த ஊர். மூத்தோன் 1973-இல்தான் இரண்டாம் படியிலிருந்து ஏற்றப்பட்டது. பட்டியலைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்தாம் படியில் போட்ட லிஞ்ச்-பாஜ் இன்று இரண்டாம் படிக்காரர்களோடு தோளுரசும் விலைக்குப் போகிறது. அதே ஐந்தாம் படியிலிருக்கும் கிராண்-புயி-லகோஸ்த் ஆர்ப்பாட்டம் இல்லாமல் நீண்ட காலம் நிற்கும் ஒயின். முதல் படியின் விலையில் சிறு பங்குதான். பழக வேண்டுமென்றால் அங்கிருந்து தொடங்குவதே புத்தி.

செய்முறையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் வாங்குகிறவருக்கு அதில் இரண்டு இடம்தான் முக்கியம். அறுவடை பெரும்பாலும் செப்டம்பர் பிற்பகுதி, அக்டோபர் முற்பகுதி. நொதிக்கும் சாற்றில் தோலும் விதையும் சுமார் மூன்று வாரம் ஊறும். டானின் எவ்வளவு, எப்படிப்பட்டது என்பது இங்கே முடிவாகிறது. பழுக்காத விதையிலிருந்து இறங்கும் டானின் பச்சையாக, கசப்பு கலந்து இருக்கும். அதைக் காலம் திருத்தாது. அடுத்து பீப்பாய். 225 லிட்டர் பிடிக்கும் ஓக் பீப்பாயில் ஏறக்குறைய 18 மாதம். ஒரு பீப்பாய்க்கு 300 பாட்டில் என்பது கணக்கு. மரத்தின் துளை வழியாகவும், மூன்று மாதத்துக்கொரு முறை வண்டல் நீக்கிப் பீப்பாய் மாற்றும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று படும்; முரட்டு டானினுக்கு முதல் சுற்றுச் சீவல் அது. கடைசியில் தெளிய வைக்க, பழைய முறைப்படி பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து ஊற்றுவார்கள். புரதம் டானினைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கும். நம் எச்சில் செய்யும் அதே வேலை. மிஞ்சிய மஞ்சள்கருவில்தான் கனலே என்ற போர்தோ பலகாரம் பிறந்தது என்று ஊரில் கதை சொல்வார்கள்.

எந்த பாட்டிலை வைக்கலாம், எதை உடனே குடிக்கலாம்? அறுவடை ஆண்டு இதில் பாதித் தீர்ப்பைச் சொல்லிவிடும். 2005, 2010, 2016 போன்ற ஆண்டுகளில் பொயாக் ஒயின் நன்றாகப் பழுத்த, கனமான டானினோடு வந்தது; நல்ல தோட்டமென்றால் 15 ஆண்டுக்குமுன் திறப்பது அவசரம், 30 தாண்டியும் நிற்கும். 2009 சதைப்பிடிப்பானது, இளமையிலேயே இனிமையாக இருக்கும். 1997, 2007 போன்றவை சீக்கிரம் குடிக்க வேண்டிய ஆண்டுகள். மழையும் குளிரும் படுத்திய 2013-ஐ யாரும் நீண்ட நாள் வைக்க மாட்டார்கள். லத்தூரின் இரண்டாம் ஒயினான லெ ஃபோர் த லத்தூர், லஃபீத்தின் காரியூவாத் போன்றவை அதே வீட்டின் பெரிய ஒயினைவிடச் சில ஆண்டு முன்னதாகவே தயாராகும். 1855 பட்டியலுக்கு வெளியே, க்ரூ பூர்ஷுவா என்ற முத்திரையோடு வரும் நல்ல மெதோக் ஒயின்களுக்கு எட்டிலிருந்து பதினைந்து ஆண்டு என்பது நடைமுறைக் கணக்கு.

ஆண்டுக் கணக்கைவிட நம்பகமானது உங்கள் வாய். இளம் ஒயினைக் குடிக்கும்போது துவர்ப்பு எவ்வளவு என்று பார்க்காதீர்கள், எப்படிப்பட்டது என்று பாருங்கள். ஈறின் முன்பக்கத்தை மட்டும் சுரண்டி, கூடவே கசந்து, பச்சைக் குடைமிளகாய் வாசம் அடித்தால் அது பழுக்காத துவர்ப்பு. வாய் முழுக்கப் பரவலாக, பொடிந்த சுண்ணாம்புபோல நுணுக்கமாகப் படிந்து, பின்னாலேயே பழம் வந்து மூடினால் அது கனியக்கூடிய துவர்ப்பு. வெற்றிலை போடுகிறவர்களுக்குச் சொல்வதானால், முதலாவது பச்சைப்பாக்கு, இரண்டாவது களிப்பாக்காகப் போகிற பாக்கு. இன்னொரு சோதனை: பாட்டிலைத் திறந்து பாதி குடித்துவிட்டு, தக்கையை மறுபடி செருகி, குளிர்ந்த இடத்தில் மறுநாள்வரை வைத்துப் பாருங்கள். இரண்டாம் நாள் இன்னும் நன்றாக இருந்தால் அதற்கு ஆயுள் இருக்கிறது. தட்டையாகிவிட்டால் வீட்டில் இருக்கும் மற்ற பாட்டில்களை இந்த ஆண்டே தீர்த்துவிடலாம். இருபது ஆண்டு முதுமையை ஒரே இரவு காட்டிவிடாது. ஆனாலும் குத்துமதிப்புக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஒன்றிரண்டு பாட்டில் வாங்கி 'ஒரு நல்ல நாளுக்கு' என்று பூட்டி வைப்பது போன்ற வீண்செயல் வேறில்லை. அந்த நல்ல நாள் வருவதற்குள் ஒயின் இறங்குமுகத்துக்குப் போயிருக்கும். ஒரே ஒயினில் ஆறு, முடிந்தால் பன்னிரண்டு வாங்குங்கள். எட்டாம் ஆண்டு ஒன்று திறங்கள். பிறகு இரண்டு ஆண்டுக்கொன்று. நடுவில் ஒருமுறை ஏமாற்றம் வரும், கலங்க வேண்டாம். பாட்டிலில் அடைத்துச் சில ஆண்டு ஆனதும் இளமையின் பழவாசம் அடங்கி, முதிர்ச்சியின் வாசம் இன்னும் எழாமல், ஒயின் வாயைத் திறக்க மறுக்கும் ஒரு பருவம் உண்டு. மூடிக்கொண்டது என்றுதான் பிரெஞ்சுக்காரர்களும் சொல்வார்கள். மிச்சத்தை விற்றுவிடாமல் மூன்று ஆண்டு தொடாதீர்கள்.

வைக்கும் இடத்துக்கு நான்கு நிபந்தனை: 12 முதல் 14 டிகிரி வெப்பம், 70 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதம், இருட்டு, அசைவின்மை. முதலாவதுதான் உயிர். 16 டிகிரி என்றால் கொஞ்சம் சீக்கிரம் முதிரும், குடி முழுகிவிடாது. ஆனால் பகலில் 28, இரவில் 20 என்று ஏறி இறங்குவது கொலை. சூட்டில் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும், குளிரும்போது சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். தக்கை பாட்டில் வாயைவிட மேலே துருத்திக்கொண்டிருந்தால், பாட்டில் வாயை மூடிய உறையின் அடியில் பிசுபிசுவென ஒழுகிய கறை இருந்தால், அந்த பாட்டில் எங்கோ வெயிலில் நின்றிருக்கிறது. சென்னையில் ஏசி இல்லாத அறையில் ஒரு கோடை போதும். பழம் வேகவைத்த கூழ்போல ஆகிவிடும். சாதாரண குளிர்சாதனப் பெட்டி சில வாரங்களுக்குப் பரவாயில்லை. ஆண்டுக்கணக்கில் வைத்தால் அதன் வறண்ட காற்று தக்கையைக் காயவைக்கும், மோட்டாரின் அதிர்வு வேறு. ஒயினுக்கென்றே செய்த அலமாரி வாங்க முடியாதென்றால், பழுத்த ஒயினை வாங்கி அந்த மாதமே குடிப்பது செலவு குறைந்த வழி.

தக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. பாட்டில் கழுத்தின் உள்விட்டம் 18.5 மில்லிமீட்டர். அதற்குள் 24 மில்லிமீட்டர் தக்கையை நசுக்கிச் செருகுகிறார்கள். மீண்டும் விரியத் துடிக்கும் அந்த அழுத்தம்தான் முப்பது ஆண்டு காவல். பாட்டிலைப் படுக்க வைப்பது தக்கை ஈரமாகவே இருக்கட்டும் என்பதற்காக. தக்கைப் பட்டை தரும் ஓக் மரத்தை நட்டு 25 ஆண்டு கழித்துத்தான் முதல் பட்டை உரிப்பார்கள். பிறகு ஒன்பது ஆண்டுக்கொரு முறை. மூன்றாம் உரிப்பிலிருந்துதான் ஒயினுக்கு ஏற்ற பட்டை கிடைக்கும். அதாவது மரத்துக்கு வயது 43 ஆகியிருக்கும். தக்கை எவ்வளவு நல்லதானாலும் காலப்போக்கில் கொஞ்சம் ஒயின் ஆவியாகும். போர்தோ பாட்டிலுக்குத் தோள் இருப்பதால் மட்டத்தை அளப்பது சுலபம். 15 வயது பாட்டிலில் ஒயின் கழுத்துக்குள் நிற்க வேண்டும். 30 வயதில் தோளின் மேல்விளிம்புக்கு இறங்கியிருந்தால் இயல்பு. 40 தாண்டிய பாட்டிலில் தோளின் நடு என்றால் யோசிக்க வேண்டியது. அதற்கும் கீழே என்றால் பெட்டிக்கு அழகு, குடிக்க உதவாது. இளம் பாட்டிலிலேயே மட்டம் தோளுக்கு இறங்கியிருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பழைய பாட்டிலைத் திறப்பது நிதானக் கலை. இரண்டு நாள் முன்னதாகவே படுக்கையிலிருந்து எடுத்து நிமிர்த்தி வையுங்கள். வண்டல் பக்கவாட்டிலிருந்து மெதுவாக அடிக்கு இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். திறக்கும்போது வாயில் மட்டும் வெட்டாமல் உறை முழுவதையும் கழற்றிவிடுங்கள்; கழுத்துக் கண்ணாடி தெளிவாகத் தெரிய வேண்டும். உறைக்கடியில் பூஞ்சை படிந்திருக்கும், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், அது குற்றமில்லை.

இருபது வயதுக்கு மேற்பட்ட தக்கைக்குச் சாதாரணத் திருகாணி ஆபத்து. நடுவில் துளைத்து மேல்பாதியை மட்டும் பிய்த்துக்கொண்டு வரும். அதற்கென இரண்டு மெல்லிய தகடு உள்ள கருவி இருக்கிறது. நீளமான தகட்டைத் தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே முதலில் நுழையுங்கள், எதிர்ப்பக்கம் குட்டையானதை. இடம் வலமாக மெல்ல ஆட்டி ஆட்டி இறக்கி, முழுதும் இறங்கியதும் திருகிக்கொண்டே மேலே இழுங்கள். அவசரப்பட்டு நேராக அழுத்தினால் தக்கை உள்ளே விழும். ஆட்டும்போதே தக்கை கீழே நகர்வதுபோலத் தெரிந்தால் கருவியை வெளியே எடுத்துவிட்டு, நீண்ட திருகாணியைச் சற்றே சாய்வாகச் செலுத்துங்கள். நல்ல தோட்டத்துத் தக்கை ஐந்து சென்டிமீட்டர் நீளம் இருக்கும், குட்டைத் திருகாணி அடிவரை போகாது. உதிரி உள்ளே விழுந்தால் பெரிய விஷயமில்லை. சாயம் போடாத மெல்லிய பருத்தித் துணியை வெந்நீரில் அலசி வடிகட்டினால் போதும். காப்பி வடிகட்டும் தாளை அப்படியே வைத்தால் தாள் வாசனை ஏறும்.

இனி ஊற்றுவது. மெழுகுவர்த்தியோ கைப்பேசி விளக்கோ மேசையில் வைத்து, பாட்டிலின் தோளுக்கு நேர்கீழே வெளிச்சம் படும்படி நில்லுங்கள். கண்ணாடிக் குடுவையைச் சாய்த்துப் பிடித்து, அதன் சுவர் வழியாக ஒயின் நூலாக இறங்கட்டும். தொடங்கியபின் நிறுத்தக்கூடாது, ஒருமுறை நிமிர்த்தினால் வண்டல் எல்லாம் கலங்கி எழும். முக்கால் பாகம் ஓடியதும் கண்ணைத் தோளைவிட்டு எடுக்காதீர்கள். முதலில் புகைபோல ஒரு கோடு நெளிந்து வரும். பின்னாலேயே கறுப்புத் துகள். புகை கழுத்தைத் தொட்ட கணமே நிறுத்துங்கள். பாட்டிலில் 40, 50 மி.லி. தங்கும், அது நஷ்டமில்லை, வாயில் மணலும் கசப்பும் தராமல் காத்ததற்குக் கூலி.

எவ்வளவு நேரம் குடுவையில் வைப்பது என்பதில் நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். பழையது என்பதால் அதிக நேரம் 'மூச்சு விட' வைக்கிறார்கள். காற்று அதிகம் வேண்டியது இளையவனுக்கு: பத்து வயதுக்குட்பட்ட பொயாக் என்றால் மூன்று, நான்கு மணி நேரம், பதினைந்து வயதென்றால் ஒரு மணி. முப்பது தாண்டியதை வண்டலிலிருந்து பிரித்ததும் மேசைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அதன் வாசம் அரைமணியில் விரிந்து, இரண்டு மணியில் கலைந்துவிடலாம். வெறுமனே தக்கையைப் பிடுங்கிவிட்டு பாட்டிலை மூடாமல் வைப்பதில் பயன் ஏதுமில்லை. கழுத்தளவு வட்டத்தில் எவ்வளவு காற்றுதான் படும்?

பரிமாற வேண்டியது 16 முதல் 18 டிகிரியில். 'அறை வெப்பத்தில்' என்று எழுதியிருப்பதைப் படித்து ஏமாறாதீர்கள். அந்தச் சொல் கணப்பு மட்டுமே இருந்த பழைய பிரெஞ்சு வீடுகளின் அறையைக் குறித்தது. நம்மூர் அறையில் அதே ஒயின் சாராய நெடி அடிக்கும். இளையதானால் முப்பது நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுங்கள். குவளை துலிப் மொட்டுபோல மேலே குறுகியதாக இருக்கட்டும். ஒயினைச் சுவைத்து மதிப்பிடும் குவளைக்குச் சர்வதேசத் தர அளவே இருக்கிறது: சுமார் 215 மி.லி. கொள்ளளவு, ஊற்றுவது 50 மி.லி. வீட்டில் இன்னும் பெரியது நல்லது, ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றினால் வாசம் சேர இடமிருக்காது.

வெள்ளைத் துணிமேல் குவளையைச் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். இளம் பொயாக்கின் விளிம்பு நாவல்பழச் சாறுபோல ஊதா. பத்து ஆண்டில் ஊதா போய் மாணிக்கச் சிவப்பு. இருபதில் விளிம்பு செங்கல் நிறத்துக்குத் திரும்பும், நடுவில் இன்னும் சிவப்பு ஆழம் இருக்கும். நடுவும் பழுப்பாகிவிட்டால் காலம் கடந்துவிட்டது. இவ்வளவு பார்த்ததும் கண்ணுக்கு விடை கொடுத்துவிடுவது நல்லது, ஏனென்றால் கண் மூக்கை ஏமாற்றும். போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் படித்த 54 மாணவர்களுக்கு, வாசமில்லாத சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு எழுதும் சொற்களையே அவர்கள் எழுதினார்கள். 2001-இல் வெளியான ஆய்வு அது. ஒயினை முகர்ந்து சொல்பவர்கள் எல்லாரும் போலிகள் என்று சிரிக்க இதை மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு இதிலிருந்து கிடைத்த பாடம் வேறு: பெயர்ச்சீட்டை மூடிவிட்டு நுகருங்கள்.

குவளையைச் சுழற்றாமல் ஒருமுறை முகருங்கள், சுழற்றி மறுமுறை. இளம் பொயாக்கில் முதலில் எழுவது காஸிஸ் என்ற சிறு கறுப்புப் பழத்தின் வாசம். அது தெரியாதவர்கள் நாவல்பழத்தையும் கறுப்பு திராட்சை ரசத்தையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம். அதற்கடியில் பென்சில் சீவும்போது வரும் மரமும் கரியும் கலந்த வாசம். பொயாக்கின் அடையாளம் இந்தப் பென்சில்தான். இருபது ஆண்டில் பழம் பின்வாங்கி, சுருட்டுப் பெட்டி, பழைய தோல் பை, மழைக்குப்பின் காட்டுத் தரையின் சருகு, காளான் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். இவை தனித்தனியாக வரிசையில் நிற்காது. ஐந்து நிமிடத்துக்கொரு முறை முகர்ந்தால் வேறு முகம் காட்டும்.

பிறகு ஒரு மேசைக்கரண்டி அளவு வாயில் எடுத்து, உதட்டைச் சற்றே திறந்து காற்றை உள்ளிழுத்து, ஈறு முழுக்கப் படும்படி உருட்டுங்கள். துவர்ப்பு எங்கே பிடிக்கிறது, எப்போது விடுகிறது என்பதைக் கவனியுங்கள். கனிந்த ஒயினில் துவர்ப்பு மறைந்திருக்காது. பட்டுத்துணியின் நெய்தல்போல விரலுக்குத் தட்டுப்படும், உறுத்தாது. விழுங்கியபின் அல்லது துப்பியபின் வாசம் எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் இந்த விநாடிக்கு கோதாலி என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள், வால் என்ற லத்தீன் சொல்லிலிருந்து. எண்ண வேண்டியது வாசத்தை. புளிப்பும் சூடும் நின்றுகொண்டிருப்பதை எண்ணிவிட்டு நீளமான ஒயின் என்று மகிழ்வது தொடக்கநிலைத் தவறு.

குறைகளில் முதலாவது தக்கை நோய். டிரைகுளோரோஅனிசோல் என்ற பொருள்; லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே ஈரச்சாக்கு, மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம். குவளையில் நேரம் ஆக ஆகக் கூடுமே தவிரப் போகாது; கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டிய பாட்டில். இதன் லேசான வடிவம்தான் மோசமானது. நாற்றம் தெரியாது, பழம் மட்டும் காணாமல் போயிருக்கும், ஒயினே மட்டம் என்று நினைத்துவிடுவோம். நகப்பூச்சு வாசம் என்றால் புளிக்காடிப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. குதிரை லாயமும் மருத்துவப் பிளாஸ்டரும் மணத்தால் பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்ட். துளி அளவில் சிலருக்குப் பிடிக்கும், எனக்கு அந்தத் துளியும் வேண்டாம். தீக்குச்சி வாசம் மட்டும் பயப்பட வேண்டாதது, குடுவையில் நாலு சுழற்று சுழற்றினால் ஓடிவிடும்.

நீண்டகாலம் நிற்பது பிரெஞ்சு ஒயினுக்கு மட்டும் எழுதிக் கொடுத்த சொத்து என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1976-இல் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற பிரிட்டிஷ் ஒயின் வியாபாரி பாரிஸில் நடத்திய கண்கட்டுப் போட்டியில் ஒரு கலிபோர்னிய காபர்னே, 1970-இன் மூத்தோனை முந்தியது. கலிபோர்னிய ஒயின் வயதாகத் தாங்காது என்று சமாதானம் சொன்னார்கள். முப்பது ஆண்டு கழித்து, 2006-இல், அதே ஒயின்களை மறுபடி வைத்தார்கள். முதல் ஐந்து இடமும் கலிபோர்னியாவுக்கே போனது.

சாப்பாட்டில் கொழுப்பும் புரதமும் உள்ள இறைச்சி இருந்தால் டானின் எச்சிலை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். பொயாக்கிலேயே பால்குடி ஆட்டுக்குட்டி பெயர்பெற்றது. அதை வாட்டி, உப்பு, பூண்டு தாண்டி அதிகம் போடாமல் இந்த ஒயினோடு வைப்பார்கள். நம் மிளகாய்க் குழம்பு இதற்குச் சரிப்படாது. காரம் டானினையும் சாராயத்தையும் இரட்டிப்பாக்கி, ஒயின், குழம்பு இரண்டையும் கெடுக்கும். மிளகும் உப்பும் மட்டும் போட்டு நெய்யில் வறுத்த ஆட்டுக்கறி ஒத்துப்போகும். இளம் ஒயின் மிஞ்சினால் 375 மி.லி. அரை பாட்டிலில் தளும்பத் தளும்ப ஊற்றி மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்; மூன்று நாள் தாங்கும், குடிக்க ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்தால் சரி. முப்பது வயது ஒயினை மிச்சம் வைக்காதீர்கள். அதைத் திறக்கும் அன்று நான்கு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டுவிடுங்கள்.